பொயின்ட் கணக்கு மட்டும் போதாது: பொம்பளப் புள்ளைங்க பாஸ்கட்போல் டீமை அளந்து பாத்து கோச் பண்றதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெட்ச் முடிஞ்சு பஸ்ல ஏறின உடனே எல்லாரும் கேக்கிற மொதக் கேள்வி "யாரு கூடுதலா போட்டது?" அதான். பன்னெண்டு போட்ட புள்ளைக்கு கைதட்டு, ரெண்டு போட்ட புள்ள ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்துக்கும். நானும் பல வருசம் அப்படித்தான் டீம் எடுத்தேன், கூட போட்டவங்க உள்ள, போடாதவங்க பெஞ்ச்ல. ஒரு தடவை முழு மெட்ச்சையும் போன்ல எடுத்து வீட்ல ராத்திரி போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அந்த ரெண்டு பொயின்ட் புள்ள கோர்ட்ல நின்ன நேரம் பூரா எதிர் டீமுக்கு ஓடி வந்து போடுற லேஅப் ஒண்ணு கூட கெடைக்கல, மூணாவது குவார்ட்டர்ல நான் அவளை வெளிய எடுத்த பிறகுதான் வரிசையா போட்டுட்டுப் போனாங்க. தோத்தோம். அந்தத் தப்பு முழுக்க என்னோடது.

அதுக்குப் பிறகு தேடிப் படிச்சது, புள்ளைங்களோட செஞ்சு பாத்து சரிவந்தது எல்லாத்தையும் இங்க எழுதுறேன். இலங்கை மலையகத்துல ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி பக்கம் ஸ்கூல்லயோ கல்வியியற் கல்லூரியிலயோ கெம்பஸ்லயோ பொம்பளப் புள்ளைங்களுக்கு பாஸ்கட்போல் பழக்குற மிஸ்மார், சேர்மார், டீமைப் பாத்துக்கிற சீனியர் அக்காமாருக்குத்தான் இது. லெப்டொப் வேணாம். ஒரு சீ.ஆர். கொப்பி, ரெண்டு கலர் பேனை, ஒரு போன் இருந்தா போதும்.

யாரைப் பாத்து பழகுறது

என்னைக் கேட்டா அமெரிக்க கொலேஜ் பொம்பளப் புள்ளைங்க மெட்ச்சை பாக்கச் சொல்வேன், அமெரிக்க ஆம்பள புரொஃபெஷனல் மெட்ச்சை இல்ல. அங்க ஆம்பளைங்க வளையத்துக்கு மேல பறந்து போடுறதைப் பாத்து நம்ம புள்ளைங்க கத்துக்க ஒண்ணும் இல்ல. கொலேஜ் பொம்பளப் புள்ளைங்க விளையாட்டு தரையில நடக்குது, பாஸ், ஸ்கிரீன் (கூட்டாளிக்கு வழி விட எதிராளியைக் குறுக்க நின்னு அடைக்கிறது), காலை வச்சு நிக்கிற விதம், யாரு எந்த இடத்துக்கு நகருறாங்க, எல்லாம் நம்ம கண்ணால பின்தொடர ஏலும்.

விதி வித்தியாசம் பெருசா இல்ல. ரெண்டு இடத்திலயும் பத்து நிமிசம் நாலு குவார்ட்டர் (அமெரிக்க கொலேஜ் பெண்கள் விளையாட்டு 2015-16 சீசன்லதான் ரெண்டு அரைவாசியில இருந்து இதுக்கு மாறிச்சு), ரெண்டு இடத்திலயும் 6ஆம் நம்பர் பந்து, அஞ்சு ஃபவுல்ல வெளிய, குவார்ட்டர்ல டீம் ஃபவுல் அஞ்சாவதுல இருந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ. மூணு பொயின்ட் கோடும் 2021-22ல இருந்து அவங்களுக்கும் நமக்கும் ஒரே 6.75 மீட்டர்தான். முக்கியமா மாறுறது நேரம், ஷொட் போட அவங்களுக்கு 30 செக்கன், நாம விளையாடுற ஃபீபா (சர்வதேச பாஸ்கட்போல் சம்மேளனம்) விதியில 24. அதனால அவங்க போடுற நீளமான செட் பிளேயை (முன்னாடியே பழகி வச்ச ஆட்டத் திட்டத்தை) அப்படியே கொண்டாந்து நம்ம புள்ளைங்க தலையில ஏத்தாதீங்க, பாதியிலயே நேரம் முடிஞ்சிடும்.

1. கொப்பியை யாரு கையில குடுக்கிறதுங்கிறதுதான் மொத வேலை

இதை ஏன் ஒரு படியாவே வச்சேன்னு சொல்றேன். நான் மொத மொத கொப்பியோட கோர்ட் ஓரம் நின்னு கோடு போட்டப்ப ஒரு புள்ள கிட்ட வந்து எட்டிப் பாத்துட்டு கேட்டா, "எங்கம்மா கொழுந்தை நிறுக்கிற மாதிரி எங்களையும் நிறுக்கிறீங்களா மிஸ்?" எனக்கு பேனை நின்னுருச்சு. தேயிலைத் தோட்டத்துல இருந்து வாற நம்ம புள்ளைங்க வீட்ல தராசுன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும், நிறுக்கிறவங்க சொன்னதுதான் கிலோ, ஈரத்துக்குன்னு கழிச்சா கழிச்சதுதான், செக்ரோல்ல (தோட்டத்துச் சம்பளக் கணக்குல) என்ன விழுந்திருக்குன்னு சம்பள நாள்லதான் தெரியும். அந்த உணர்வோட ஒரு புள்ள கோர்ட்ல இறங்கினா, பந்து கையில வந்ததும் தப்பு கோடு விழுந்துரும்னு பயந்து உடனே பக்கத்துல இருக்கிறவகிட்ட தள்ளிவிட்டுரும்.

அதனால கொப்பி புள்ளைங்க கையிலதான் இருக்கணும். அன்னைக்கு விளையாடாத ரெண்டு பேர் பெஞ்ச்ல உக்காந்து எழுதட்டும், ஒருத்தி கோர்ட்ட மட்டும் பாத்து வாயால சொல்லணும், "ஏழு, ஷொட், மிஸ், ரீபவுண்ட் நம்ம பதினொண்ணு", மத்தவ தலையை நிமிர்த்தாம கோடு போடணும். ஒரே ஆளு பாக்கவும் எழுதவும் முயற்சி பண்ணா கட்டாயம் பாதி விட்டுப்போகும், இதை நான் பல தடவை பாத்துட்டேன். மெட்ச் முடிஞ்சதும் யாரும் கொப்பியை வாங்கி தன் வரியை சரிபாக்கலாம், "இது என் டர்னோவர் இல்ல, அவ பாஸை பிடிக்கல"ன்னு வாதாடலாம், வீடியோ இருந்தா போட்டுப் பாத்து மாத்தலாம். இப்படி வாதாடுற புள்ளைங்கதான் ரெண்டு மாசத்துல விளையாட்டை எனக்கு விளக்குற அளவுக்கு வந்தாங்க.

ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு வரி. கட்டங்கள் இதுங்க: ரெண்டு பொயின்ட் ஷொட் (போட்டது, விழுந்தது), மூணு பொயின்ட் ஷொட் (அதே மாதிரி), ஃப்ரீ த்ரோ, நம்ம பக்க ரீபவுண்ட் (எதிர் டீம் போட்டு விழாம திரும்பி வாற பந்தை நாம பிடிக்கிறது), எதிர்ப் பக்க ரீபவுண்ட் (நாம போட்டு விழாம திரும்பி வாற பந்தை நாமளே பிடிக்கிறது), அசிஸ்ட், டர்னோவர், ஸ்டீல் (எதிராளிகிட்ட இருந்து பந்தைப் பறிக்கிறது), ஃபவுல். எதிர் டீமுக்கு பேர் வேணாம், மொத்தமா ஒரு வரி போதும். குவார்ட்டருக்கு ஒரு கலர் மாத்துங்க, ரெண்டு பேனைன்னா மொத அரைவாசி நீலம், அடுத்தது சிவப்பு. இந்தக் கலர் பிறகு எவ்வளவு உதவும்னு கீழ சொல்றேன்.

எழுத முன்னாடி எது டர்னோவர், எது அசிஸ்ட்னு எல்லாரும் ஒத்துக்கணும். டர்னோவர்னா ஷொட் போடாம பந்து எதிர் டீமுக்குப் போறது: டிராவல், டபுள் டிரிபிள், கோட்டுக்கு வெளிய, பறிகொடுத்தது, 24 செக்கன் முடிஞ்சது, தாக்குற பக்கத்து ஃபவுல். அசிஸ்ட்னா அந்தப் பாஸால நேரா கூடை விழுந்திருக்கணும், வாங்கினவ நாலு தடவை டிரிபிள் பண்ணி தானா வழி பிடிச்சு போட்டா அது அசிஸ்ட் இல்ல.

அதோட ஒரு பக்கத்துல அரைக் கோர்ட் படம் வரைஞ்சு, போட்ட இடத்துல விழுந்தா வட்டம், விழலன்னா பெருக்கல் குறி, பக்கத்துல சட்டை நம்பர். இந்த ஒரு படத்துக்காகவே கொப்பி வாங்கலாம்.

2. பொசஷனை எண்ணுங்க

45 பொயின்ட் எடுத்தா நல்லதா கெட்டதா? சொல்ல ஏலாது. வேகமா ஓடுற மெட்ச்ல 45 குறைவு, நடந்து விளையாடுற மெட்ச்ல 45 கூட. பந்து எத்தனை தடவை நம்ம கைக்கு வந்துச்சு (அதைத்தான் பொசஷன்னு சொல்றது), அதுல எத்தனை பொயின்ட் எடுத்தோம்ங்கிறதுதான் சரியான அளவு. அதுக்கு எல்லாரும் பாவிக்கிற கணக்கு இது:

பொசஷன் = போட்ட ஷொட் − எதிர்ப் பக்க ரீபவுண்ட் + டர்னோவர் + (0.44 × ஃப்ரீ த்ரோ)

ஃப்ரீ த்ரோவை ஏன் 0.44ஆல பெருக்குறோம்னா ரெண்டு த்ரோ சேந்துதான் பெரும்பாலும் ஒரு பொசஷன், கூடை விழுந்து மேலதிகமா கிடைக்கிற ஒத்தை த்ரோவும் இடையில இருக்கு, அதான் பாதிக்கு கொஞ்சம் குறைய. கொலேஜ் விளையாட்டுக்கு 0.475 பாவிக்கிறவங்களும் இருக்காங்க, நம்ம அளவுக்கு எதை எடுத்தாலும் பரவாயில்ல, ஆனா வருசம் பூரா ஒண்ணையே பாவிங்க.

உதாரணத்துக்கு ஒரு மெட்ச்ல 58 ஷொட், எதிர்ப் பக்க ரீபவுண்ட் 12, டர்னோவர் 22, ஃப்ரீ த்ரோ 14னு வச்சுக்கங்க. 58 − 12 + 22 + 6.16, கிட்டத்தட்ட 74 பொசஷன். 45 பொயின்ட்டை 74ஆல பிரிச்சா 0.61. அமெரிக்க கொலேஜ்ல நல்ல டீம் ஒரு பொசஷனுக்கு ஒரு பொயின்ட்டுக்கு மேல எடுக்கும். அதைப் பாத்து மனசு உடையவேணாம், உங்க போன மாச 0.52 இந்த மாசம் 0.61 ஆச்சான்னு பாருங்க.

3. நாலு விசயம்

டீன் ஒலிவர்ங்கிற அமெரிக்கர் மெட்ச் ஜெயிக்கிறதை நாலா பிரிச்சார்: ஷொட் எவ்வளவு நல்லா விழுது, டர்னோவர் எவ்வளவு குறைவு, தன் ஷொட் விழாதப்ப ரீபவுண்ட் எவ்வளவு எடுக்கிறோம், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எவ்வளவு போறோம். அவர் குடுத்த எடை 40, 25, 20, 15. அது புரொஃபெஷனல் ஆட்டத்தைப் பாத்து குடுத்தது. எங்க வலய மட்ட, மாகாண மட்ட மெட்ச்ல என் கணக்குப்படி டர்னோவர்தான் மேல வரும், ஷொட் போட முன்னாடியே பந்து போயிடுதே, பிறகு எப்படி விழுறதைப் பத்திப் பேசுறது. மேல சொன்ன உதாரணத்தையே பாருங்க, 74ல 22 போச்சு, மூணுல ஒண்ணுக்கு கிட்ட.

ஷொட்டை அளக்கிறப்ப வெறும் சதவீதம் எடுக்காதீங்க, மூணு பொயின்ட்டுக்கு மதிப்பு கூட. அதுக்கு: விழுந்த ஷொட் எண்ணிக்கையோட விழுந்த மூணு பொயின்ட்ல பாதியைக் கூட்டி, போட்ட ஷொட்டால பிரிங்க. பத்து தடவை நடு தூரத்துல இருந்து போட்டு மூணு விழுந்தாலும் ஆறு பொயின்ட், கோட்டுக்கு வெளிய பத்து போட்டு ரெண்டு விழுந்தாலும் ஆறு பொயின்ட். அதுக்காக எல்லாரையும் வெளிய நிக்கச் சொல்லல. எங்க ஷொட் படத்துல பெருக்கல் குறி கூட விழுந்த இடம் எது தெரியுமா, வளையத்துக்குக் கீழ. லேஅப்! பக்கத்துல நின்னு போடுறதையே தவறவிட்டுட்டு இருந்தோம், அது எனக்குத் தெரியவே இல்ல, ஏன்னா லேஅப் விழாதப்ப எல்லாரும் "ஐயோ"ன்னு கத்திட்டு மறந்துர்றோம், தூரத்து ஷொட் விழாததுதான் ஞாபகத்துல நிக்குது.

ஒரு பெரிய மெட்ச்சை வச்சு இதைப் பாப்போம். 2024 ஏப்ரல்ல க்ளீவ்லண்ட்ல நடந்த அமெரிக்க கொலேஜ் பெண்கள் ஃபைனல், சவுத் கரோலினா 87, ஐயோவா 75. ஐயோவாவோட கெய்ட்லின் க்ளார்க் 30 பொயின்ட், மெட்ச்லயே கூட போட்டது அவதான். நம்ம பஸ் கேள்விக்கு அவதான் பதில். ஆனா அந்த 30க்கு 28 ஷொட் போட்டா, 10 விழுந்துச்சு, அதுல மூணு பொயின்ட் 5. கணக்குப் போட்டா 12.5 ÷ 28, 45 வீதத்துக்கும் கொஞ்சம் குறைய. மொத குவார்ட்டர்ல மட்டும் 18, மிச்ச மூணு குவார்ட்டர்லயும் சேத்து 12. அந்தப் பக்கம் ரீபவுண்ட் 51க்கு 29, பெஞ்ச்ல இருந்து வந்தவங்க எடுத்த பொயின்ட் 37க்கு பூச்சியம். டோன் ஸ்டேலி கோச் பண்ண அந்த சவுத் கரோலினா டீம் அந்த சீசன் 38 மெட்ச்சையும் ஜெயிச்சுது. அவங்க ஜெயிச்சது ரீபவுண்ட்லயும் பெஞ்ச்லயும்.

அந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் சவுத் கரோலினாவோட ரேவன் ஜோன்சன். முந்தின வருசம் 2023 செமி ஃபைனல்ல ஐயோவாகிட்ட தோத்தப்ப, இவ மூணு பொயின்ட் கோட்டுக்கு வெளிய பந்தோட நிக்க, க்ளார்க் இவளை மறிக்காம கையை வீசி "போட்டுக்க"ன்னு விட்ட கிளிப் உலகம் பூரா சுத்திச்சு. அதாவது ஐயோவா இவளை அளந்து வச்சிருந்தாங்க, இவ வெளிய இருந்து போடமாட்டாங்கிறது அவங்களுக்குத் தெரியும். அவ அழுது ஒதுங்கிப் போகல, அந்த ஷொட்டையே பழகினா, அடுத்த சீசன்ல அவ மூணு பொயின்ட் சதவீதம் ஏறிச்சு, ஃபைனல்ல அந்த க்ளார்க்கையே மறிக்கிற வேலை அவகிட்ட வந்துச்சு. ஒரு புள்ளையோட குறையை கண்டுபிடிச்ச பிறகு என்ன செய்யணும்ங்கிறதுக்கு நான் எங்க டீம்ல சொல்ற கதை இதுதான்.

4. ஷீட்ல விழாததை எப்படி பிடிக்கிறது

நான் மேல சொன்ன ரெண்டு பொயின்ட் புள்ளைக்கு எந்தக் கட்டமும் இல்ல. அவ என்ன செஞ்சா? பந்து பறிபோன உடனே முதல்ல திரும்பி ஓடினா. அவ்வளவுதான். அதனால கொப்பியில இன்னும் நாலு கட்டம் போட்டேன்: பந்து போனதும் மூணு எட்டு வைக்கிறதுக்குள்ள திரும்பி ஓடினது, ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால அடைச்சு நின்னது, எதிராளி பாஸ்ல கை பட்டது, தப்பிப் போன கூட்டாளிக்காக உதவிக்கு வந்தது. இதை மெட்ச்ல எழுத ஏலாது, வீடியோவுலதான். முழு மெட்ச் வேணாம், ஒரு குவார்ட்டர் போதும்.

இன்னொரு சுலபமான கணக்கு, ஒரு புள்ள உள்ள போறப்ப ஸ்கோர் என்ன, வெளிய வாறப்ப என்னன்னு எழுதி வித்தியாசத்தைப் பாக்கிறது. இதை ஒரு மெட்ச்ல பாத்து யாரையும் தூக்கவும் வேணாம் இறக்கவும் வேணாம், நல்லா விளையாடுற நாலு பேரோட நின்னா யாருக்கும் கூட்டல்தான் வரும். ஆறு ஏழு மெட்ச் சேரட்டும். அப்பவும் ஒரே ஆளுக்கு தொடர்ந்து கூட்டல் வந்தா, வீடியோவைப் போட்டு ஏன்னு தேடுங்க.

5. வீடியோ

மலையில நமக்கு ஒரு வசதி இருக்கு. எங்க பக்கம் பாதி கோர்ட் சரிவை வெட்டி எடுத்த இடத்துலதான் இருக்கு, பக்கத்துல மேடு. அந்த மேட்டுல நடுக் கோட்டுக்கு நேரா ஏறி நின்னு போனைக் குறுக்கா பிடிச்சா பத்துப் பேரும் தெரியும். கோர்ட் ஓரத்துல நின்னு எடுத்தா முதுகுதான் தெரியும். பந்தை மட்டும் துரத்தி சூம் பண்ணாதீங்க. மூணு மணிக்கு மேல மூட்டம் இறங்கினா நம்பர் தெரியாது, அதனால மேட்டுல நிக்கிற புள்ளையே "இப்ப ஒம்பது வெளிய, நாலு உள்ள"ன்னு வாயால சொல்லிக்கிட்டே எடுக்கட்டும், சத்தம் பதிவாகும்.

பாக்கிறப்ப மொத தடவை பந்தைப் பாருங்க, ஆசை தீரட்டும். ரெண்டாவது தடவை பந்து இல்லாத நாலு பேரை மட்டும். மூணாவது தடவை நாம மறிக்கிற பக்கம் மட்டும். புள்ளைங்களுக்கு காட்டுறது ஆளுக்கு மூணு கிளிப், அதுல ரெண்டு நல்லது. தப்பு கிளிப்பை டீம் வட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க, அது ராத்திரிக்குள்ள லயத்துல எல்லா போனுக்கும் போயிடும், அந்தப் புள்ளைய அண்ணன் தம்பி கேலி பண்ணுவாங்க, அடுத்த நாள் பிரக்டிஸுக்கு வராது. தனியா உக்கார வச்சு, கிளிப்பை தப்பு நடக்கிறதுக்கு ஒரு செக்கன் முன்னாடி நிப்பாட்டி, "இப்ப உனக்கு என்ன தெரியுதும்மா?"ன்னு கேளுங்க. நான் சொல்ல நினைச்சதை விட நல்ல பதில் பல தடவை வந்திருக்கு.

6. வலைப்பந்துல இருந்து வாற புள்ளைங்க

நம்ம நாட்டுல பொம்பளப் புள்ளைங்க முதல்ல தொடுறது வலைப்பந்துதான், தர்ஜினி சிவலிங்கம் பேர் தெரியாத தமிழ்ப் புள்ள ஸ்கூல்ல இருக்காது. அதுல பழகி வாறவங்களோட கணக்கைப் பாக்கிறப்ப இதை ஞாபகத்துல வைங்க. பந்து பிடிச்ச உடனே கால் பூமியில ஒட்டிரும், ஏன்னா அங்க பந்தோட நகர ஏலாது. எதிராளிகிட்ட இருந்து மூணு அடி தள்ளி நிப்பாங்க, அங்க பந்து வச்சிருக்கிறவங்களுக்கு அவ்வளவு இடம் விடணும்ங்கிறது விதி. வளையத்துக்குப் பின்னால பலகை இல்லாம பழகினதால லேஅப்புக்கு பலகையைப் பாவிக்கவே மாட்டாங்க, நேரா வளையத்துக்குள்ள போடப் பாப்பாங்க. எங்க பெருக்கல் குறிக்கு பாதி காரணம் இதுதான்னு பிறகு புரிஞ்சுது. பலகையில இருக்கிற சதுரத்தோட மேல் மூலைக்கு சோக்கால ஒரு வட்டம் போட்டு, "வளையத்தைப் பாக்காத, இதைப் பாரு"ன்னு ஒரு வாரம் விட்டோம், மாறிச்சு.

ஆனா அவங்ககிட்ட இருக்கிற நல்லதை அழிச்சிராதீங்க. கண் மட்டத்துல வேகமா பாஸ் குடுக்கிறதும், பந்து இல்லாம வெட்டி ஓடி இடம் பிடிக்கிறதும் வலைப்பந்து புள்ளைங்களுக்கு கைவந்தது. முதல்லயே பாஸ்கட்போல் பழகினவங்க பந்தைத் தட்டிக்கிட்டே நிப்பாங்க, இவங்க குடுத்துட்டு ஓடுவாங்க.

7. கொப்பியில இருந்து பிரக்டிஸுக்கு

கணக்கு எடுத்துட்டு அதே பழைய பிரக்டிஸை வச்சா எழுதினதுக்கு அர்த்தமே இல்ல. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குறையை எடுங்க. ஸ்கூல் விட்டு சாப்பிட்டு ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி எங்களுக்கு எண்பது நிமிசம்தான். பன்னெண்டு நிமிசம் உடம்பு சூடாக்கல், பத்து நிமிசம் லேஅப் ரெண்டு கையாலயும், அடுத்த இருபது நிமிசம் அந்த வாரத்துக் குறை, இருபத்தஞ்சு நிமிசம் மெட்ச் மாதிரி விளையாட்டு, கடைசியில களைச்ச காலோட ஃப்ரீ த்ரோ. ஃப்ரீ த்ரோவை ஆரம்பத்துல வைக்காதீங்க, மெட்ச்ல யாரும் மூச்சு வாங்காம அந்தக் கோட்டுல நிக்கிறதில்ல.

டர்னோவர்தான் அந்த வாரத்துக் குறைன்னா நாங்க செய்யிறது, அஞ்சு பேரை ஏழு பேர் மறிக்கிறது. டிரிபிள் கிடையாது, பாஸ் மட்டும், பத்து பாஸ் சேந்தா ஒரு பொயின்ட். மெட்ச்ல அஞ்சு பேர்தான் மறிப்பாங்க, கோர்ட் திடீர்னு பெருசாத் தெரியும். மறிக்கிற பக்கம் பையன்களை நிப்பாட்டுறதும் நல்லது. டெனசி, கனெக்டிகட் மாதிரி பெரிய கொலேஜ் பெண்கள் டீம்களே ஆம்பள மாணவர்களை எதிர்ல வச்சுத்தான் பிரக்டிஸ் பண்ணுவாங்க, ஊர்ல யாராவது "பையனோட என்ன விளையாட்டு"ன்னு கேட்டா இதைச் சொல்லுங்க, பெத்தவங்களை ஒரு நாள் கூப்பிட்டு பாக்கவும் விடுங்க.

மழை நாளுக்கு தனித் திட்டம் வேணும். ஹட்டன் பக்கம் மே மாசத்துல இருந்து அந்தியில மழைதான், பதுளை பக்கம் வருசக் கடைசியில. ஈரமான சீமெந்து கோர்ட்ல ஓட விடவே வேணாம், முழங்கால் போனா வருசம் போச்சு. வராந்தாவுல நின்ன இடத்துல டிரிபிள், பாஸ், ஷொட் போடுற கையோட வடிவம், கொப்பி வாசிக்கிறது, வீடியோ. மழை நாள்லதான் எங்க புள்ளைங்க விளையாட்டை அதிகமா பேசிப் பழகினாங்க.

8. உடம்பு, சாப்பாடு: கணக்கு இதையும் சொல்லும்

இந்தப் பகுதியை தாண்டிப் போயிராதீங்க. பணியக்கணக்கு டிவிசன்ல இருந்து வாற ஒரு புள்ள எங்க டீம்ல பந்து கொண்டு போறவ. மூணு மெட்ச் பக்கத்தை வரிசையா விரிச்சு வச்சுப் பாத்தா அவளோட டர்னோவர்ல பாதிக்கு மேல சிவப்பு பேனை, அதாவது ரெண்டாவது அரைவாசி. கவனம் போதாதுன்னு நினைச்சு பாஸ் பயிற்சி கூட்டிக் குடுத்தேன், மாறல. ஒரு நாள் கூப்பிட்டு உக்கார வச்சு கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ரொட்டி மிஸ். அஞ்சு மணிக்கு."

"இன்டர்வலுக்கு?"

பந்தோட கோட்டை பெருவிரலால தேச்சுக்கிட்டே இருந்தா, பதில் இல்ல. மெட்ச் ரெண்டரைக்கு. அம்மா காலைப் பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போக முன்னாடி சுட்டு வச்ச ரொட்டியோட ஒம்பது மணித்தியாலம் தாண்டி அவ கடைசிக் குவார்ட்டர்ல ஓடிட்டு இருந்திருக்கா. நான் அதுக்கு பாஸ் பயிற்சி குடுத்திருக்கேன். அடுத்த மெட்ச்ல இருந்து எல்லாருக்கும் ஒண்ணரை மணித்தியாலம் முன்னாடி அவிச்ச கடலை, ரெண்டு வாழைப்பழம், அரைவாசியில உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி. அவ சிவப்புக் கட்டத்துல அன்னைக்கு ஒரே ஒரு கோடுதான் விழுந்துச்சு.

சீக்கிரமா மூச்சு வாங்குற, முகம் வெளிறின, தலை சுத்துதுன்னு சொல்ற புள்ளைங்களை சோம்பேறின்னு சொல்லாதீங்க, இரத்தசோகையா இருக்கலாம், ஆஸ்பத்திரியில இரத்தம் பாக்கச் சொல்லுங்க. சாப்பாட்டோட பிளேன்டீ குடிக்கிற பழக்கம் நமக்கு ரொம்ப, தேயிலை சாப்பாட்டுல இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்கிறதைக் குறைச்சிரும், அதனால சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிக்கச் சொல்லுங்க, சாப்பாட்டோட நெல்லிக்காயோ கொய்யாவோ தேசிக்காயோ இருந்தா நல்லது. மாதவிடாய் நாளையும் புள்ளைங்க தாங்களே குறிச்சு வைக்கட்டும், அந்தக் குறிப்பு அவங்களோடது, கேட்டு வாங்காதீங்க. முதலுதவி பேக்ல பேட் எப்பவும் இருக்கணும், டீமுக்கு வெள்ளை ஷோர்ட்ஸ் வாங்கவே வாங்காதீங்க.

முழங்காலுக்கு உள்ள இருக்கிற முன்பக்க சிலுவைத் தசைநார் (ACL) கிழியிறது பொம்பளப் புள்ளைங்களுக்கு ஆம்பளைங்களை விட பல மடங்கு கூட, அதுவும் பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதிச்சு இறங்குறப்பவும் சட்டுன்னு திரும்புறப்பவும். ஒரு படியில இருந்து குதிக்க வச்சு முன்பக்கமா ஸ்லோமோஷன்ல எடுங்க, இறங்குறப்ப ரெண்டு முழங்காலும் உள்பக்கமா சாஞ்சா அந்தப் புள்ளைக்கு தனிக் கவனம் வேணும். ஒத்தக் கால்ல நிக்கிறது, மெதுவா உக்காந்து எழும்புறது, சத்தம் இல்லாம இறங்கிப் பழகுறது, இதுகளை அந்தப் பன்னெண்டு நிமிசத்துக்குள்ள ஒவ்வொரு நாளும் செய்ய வைங்க. இப்படியான பயிற்சி காயத்தைக் குறைக்குதுங்கிறது ஆராய்ச்சியில நல்லா உறுதியான விசயம்.

9. மெட்ச் நாள்

ஃபீபா விதியில மொத அரைவாசிக்கு ரெண்டு டைம் அவுட், ரெண்டாவதுக்கு மூணு, கடைசி ரெண்டு நிமிசத்துல அதுல ரெண்டுக்கு மேல எடுக்க ஏலாது. ஒரு நிமிசத்துல ஒரே ஒரு விசயம்தான் சொல்லணும். நான் பேச முன்னாடி கொப்பி வச்சிருக்கிற புள்ள ஒரு வரி சொல்லும், "அவங்க எதிர்ப் பக்க ரீபவுண்ட் ஆறு எடுத்துட்டாங்க", அதுக்கு என்ன செய்யணும்னு நான் ஒரு வரி. கத்தி ஒண்ணும் ஆகாது, அவங்க காதுல அந்த நேரம் இதயம் அடிக்கிறதுதான் கேக்கும்.

ரெண்டாவது குவார்ட்டர்லயே மூணு ஃபவுல் வாங்கின புள்ளைய உடனே உக்கார வைக்கிறதா வேணாமாங்கிறதுக்கும் கொப்பியைத்தான் பாக்கணும். சில புள்ளைங்க மூணு வாங்கின பிறகு கையை உள்ள இழுத்துக்கிட்டு மெட்ச் முடிய நாலோட நிப்பாங்க, சிலர் அடுத்த நிமிசமே நாலாவதை வாங்குவாங்க. யாரு எப்படின்னு பழைய பக்கங்கள்ல இருக்கு.

10. ஆளோட பேசுறது

டெனசில 38 சீசன் கோச் பண்ண பெட் சமிட், 1974ல ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு 22 வயசு, வேனையும் அவங்களே ஓட்டி டீம் உடுப்பையும் அவங்களே துவைச்சு தொடங்கினாங்க, 1,098 வெற்றியும் 8 தேசிய பட்டமும் அதுக்குப் பிறகு வந்தது. நம்ம மிஸ்மார் பாதிப்பேர் இப்பவும் அதே நிலைமைதான், உடுப்பை வீட்டுக்குக் கொண்டு போய் துவைக்கிறவங்களை எனக்குத் தெரியும். அதனால உங்களுக்கு நேரம் இல்லைங்கிறதும் தெரியும். ஆனாலும் மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு புள்ளையோடயும் பத்து நிமிசம் தனியா கொப்பியை நடுவுல வச்சு உக்காருங்க. மொதல்ல அவ பேசட்டும். "இந்த மாசம் உன் வரியில உனக்கு என்ன தெரியுது?" பிறகு ஒரு நல்லது நீங்க சொல்லுங்க, இலக்கத்தோட சொல்லுங்க, "நல்லா விளையாடுற"ன்னு சொன்னா அவ நம்பமாட்டா, "நாலு மெட்ச்ல பதினேழு தடவை திரும்பி ஓடியிருக்க"ன்னா நம்புவா. கடைசியா அடுத்த மாசத்துக்கு ஒரே ஒரு இலக்கு, அதை அவளே தன் கையெழுத்துல எழுதணும்.

ஓ.எல். பரீட்சை வருசம் வந்தா வீட்ல நிப்பாட்டிருவாங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சது. நான் செய்யிறது, பெத்தவங்க கூட்டத்துக்கு வாறப்ப அந்தப் புள்ளையோட வரியை அவ வாயாலயே அவங்க அம்மாவுக்கு விளக்க வைக்கிறது. ஒரு அம்மா கட்டத்துல விரல் வச்சு ஒவ்வொண்ணா கேட்டாங்க, இது என்ன, இது என்னன்னு, திரும்பி ஓடின கட்டத்துக்கு வந்ததும் "இது யாரு எழுதினது?"ன்னாங்க. "நாங்கதான்ம்மா, ஆளுக்காள் மாறி மாறி எழுதுவோம், பிழைன்னா கேட்டு மாத்தலாம்"னா மக. அந்தப் புள்ள அந்த வருசம் பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் பிரக்டிஸுக்கு வந்தா.

சீசன் முடிஞ்சதும் கொப்பியை ஒப்பிஸ் அலுமாரியில பூட்டி வைக்காதீங்க. அடுத்த வருசம் எழுதப் போற ரெண்டு சின்னப் புள்ளைங்ககிட்ட லீவுக்கு குடுத்து அனுப்புங்க, மழை படாம பொலித்தீன் பேக்ல போட்டு.